பதினேழாம் எண்ணுக்கு நேரே

மார்ச் 16, ஞாயிறு, காலை.
பிழை ஒன்று. அக்காவுக்காக எடுத்த பிரதியில், நான்காம் நாள் பக்கத்தில், திட்டிலிருந்து படகு கிளம்பிய நேரம் 4.40 என்று எழுதியிருக்கிறேன். 4.25 என்பதே சரி. அழிக்காமல் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். வேறு பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

நாட்குறிப்பில் இந்தக் கடைசி வரியை எழுதிய பிறகு அவன் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தான். அந்த வரி பொய் என்று அவனுக்குத் தெரியும். மேசைமேல் நாட்குறிப்பைத் தவிர இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று நீல அட்டை போட்ட பழைய நோட்டு. உப்புத் தண்ணீர் பட்டு ஊறிக் காய்ந்ததில் தாள்கள் உப்பி, என்ன அழுத்தினாலும் வாயை மூட மாட்டேன் என்றது. இன்னொன்று புதியது. தீவில் கழித்த நான்கு நாளையும் பழையதிலிருந்து புதியதில் வரிக்கு வரி எடுத்து எழுத அவனுக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. இரண்டாவது நாளிலேயே முடித்திருக்கலாம். ஒரு பக்கத்தில் வந்து நின்றுபோனான்.

நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் அளவு. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுவது அவன் வேலை. சீட்டில் இருக்கும் எண்ணை மூன்று முறை படிப்பான். லென்ஸை இயந்திரத்தில் பொருத்திய பிறகு, சந்தேகம் வந்து நான்காவது முறையும் படிப்பான். "நீ பாக்கற பார்வையில சீட்டே தேஞ்சு போயிடும்டா" என்பார் கடை முதலாளி. அறையைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

மாலையில் கட்டட வரைபட வகுப்பு. அங்கே கடைசி பெஞ்சில் நான்கு பேர். மேஸ்திரி பதினைந்து வருஷம் வீடுகள் கட்டிவிட்டு, கட்டியதைக் காகிதத்தில் வரைவது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்தவர். கிளி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்பவள். யார் குரலையும் ஒரு தரம் கேட்டுவிட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள். நான்காவது ஆள் லேட். ரொட்டிக்கடையில் விடியற்காலை வேலை அவனுக்கு. மத்தியானம் படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டான். வகுப்பு பாதி முடிந்த பிறகு, முழங்கையில் மாவோடு, பூனை மாதிரி பின் கதவு வழியாக உள்ளே வருவான்.

வகுப்பு எடுக்கிற சார் வருகைப் பதிவு எடுக்கும்போது தலையைத் தூக்கவே மாட்டார். எண்ணை வாசிப்பார், குரல் வந்தால் டிக் போடுவார். மேஸ்திரி ஒன்பது, கிளி பன்னிரண்டு, லேட் பதினேழு, அளவு இருபத்தொன்று. பதினேழு என்றதும் கிளி வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தூக்கம் கலையாத கட்டைக் குரலில் "உள்ளேன் சார்" என்பாள். அச்சு அசலாக லேட்டின் குரல். பெஞ்சு குலுங்கும். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லேட்டுக்கு வருகை விட்டுப்போனதில்லை. சான்றிதழ் கொடுக்கிற அன்று, தவறாமல் வந்த மாணவன் என்று சார் அவனைப் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்க அவன் வந்து சேரவில்லை. கிளிதான் "நன்றி சார்" சொன்னாள்.

வகுப்பு முடிந்ததைக் கொண்டாடத்தான் தீவுக்குப் போனார்கள். பேருந்தில் ஏறுவதற்கு முன்பே மேஸ்திரி ஆரம்பித்துவிட்டார். "நோட்டு வெச்சிருக்கிற ஆளு யாரு? அளவு, நீதான்டா இனிமே சாரு. அட்டெண்டன்ஸ் எடு. தலையத் தூக்காம எடுக்கணும், தூக்கினா சாரு இல்ல."

அவனும் குனிந்துகொண்டே எடுத்தான். ஒவ்வொரு பேருந்துக்கும், ஒவ்வொரு படகுக்கும், மலையேறும் முன்னும் இறங்கிய பின்னும், ஒன்பது, பன்னிரண்டு, பதினேழு, இருபத்தொன்று. விளையாட்டாகத் தொடங்கியது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. நண்பர்களை எண்ணிப் பார்த்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது, அதற்கு அவர்கள் சிரிக்கவும் செய்தார்கள். இரண்டு தடவை லேட் செருப்பு வாரை மாட்டிக்கொண்டு பின்தங்கியபோது கிளி அவனுக்காகக் குரல் கொடுத்தாள். அது கிளிதான் என்று அளவுக்குத் தெரியும். லேட் பத்தடி தள்ளி வந்துகொண்டிருக்கிறான் என்பதும் தெரியும். டிக் போட்டான். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

பிரதி எடுத்தபோது அந்த இரண்டு டிக்குகளையும் தடையில்லாமல் போட்டுவிட்டான். மூன்றாவதைத்தான் போட முடியவில்லை. அந்த அட்டெண்டன்ஸையே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தான்.

பிரதி கேட்டது லேட்டின் அக்கா. தம்பியை அடக்கம் செய்து எல்லாம் முடிந்த பத்தாம் நாள் அவள் அளவைக் கூப்பிட்டு, "நீ எல்லாத்தையும் எழுதி வெப்பியாமே. கடைசியா அவன் என்னென்ன செஞ்சான்னு எனக்குப் படிக்கணும் தம்பி" என்றாள். நோட்டையே கொடுத்திருக்கலாம். அலை பட்டு எழுத்தெல்லாம் கலங்கியிருக்கிறது அக்கா, சுத்தமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். நாளை திங்கள்கிழமை, காலை பத்து மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் விசாரணை. அதற்கு முன் படித்துவிட வேண்டும் என்று அக்கா நேற்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள்.

அவன் புது நோட்டைப் பையில் வைத்தான். கதவு வரை போனான். திரும்பி வந்து பழைய நோட்டையும் எடுத்து அடியில் வைத்துக்கொண்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

அக்கா வீட்டுக்குப் போகப் பேருந்து நிலையத்தில்தான் வண்டி மாற வேண்டும். கிளி அங்கே விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில் வேறு யாரோ ஒரு பெண், எழுத்துக்கூட்டி ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அறிவிப்ப விட்டுட்டியா?"

"மைக்கு முன்னாடி உக்காந்தா வாயத் தொறக்கவே பிடிக்கல. அதான் மாத்தி வாங்கிட்டேன்." அவள் ஒரு பெரியவருக்கு எட்டாம் நடைமேடை என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு நான் சொல்லிடப் போறேன்."

"என்ன சொல்லப் போற?"

"நான்தான் அவன் குரல்ல பதில் சொன்னேன்னு. மேஸ்திரி அண்ணன் நேத்து வந்து ஒரு மணி நேரம் கெஞ்சிட்டுப் போறாரு. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, வாயைக் குடுத்து மாட்டிக்காத, படகுக்காரன் எண்ணல, அது உண்மைதானே, அதோட விடுங்கறாரு. எனக்கு முடியல. அந்தாளு எண்ணலதான். ஆனா நம்மளக் கேட்டாரு."

"ம்."

"உனக்கு ஒண்ணும் வராது. நீ பாவம், குனிஞ்சு எழுதிட்டிருந்த. என் குரலக் கேட்டு ஏமாந்த. அப்படித்தான் சொல்லப் போறேன்."

அவன் மறுபடியும் "ம்" என்றான். அவள் முகம் சிறுத்துப் போயிருந்தது. சன்னல் கம்பியில் அவள் விரல் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டே போய்த் திரும்பி வந்தது. நாலு மாதத்துக்கு முன் இதே சன்னலில் நின்று, இந்த நிலையத்து மேலாளர் குரலில் "பயணிகள் கவனத்திற்கு, லேட் இன்றும் லேட்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தவள்.

பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு அவன் மனசுக்குள் குறித்துக்கொண்டான்: இரண்டு "ம்". முதல் விசாரணையில் துறைமுக அலுவலகத்தில் சொன்னதையும் சேர்த்தால் பொய் மூன்று. காலையில் எழுதியதோடு நான்கு.

அக்காவின் வீடு ஒரு மாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில், ஒரே அறையும் ஒரு சமையல் இடமும். கதவுக்குப் பின்னால் லேட்டின் ரொட்டிக்கடைச் சட்டை இன்னும் ஆணியில் தொங்கியது. அதன்மேல் வேறு துணி எதையும் அவள் மாட்டவில்லை. அவள் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் சரிபார்க்கும் மேசையில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை அவள் கை வழியாகப் போகும். விட்டுப்போன தையலைக் கண்ணால்கூடத் தேட வேண்டியதில்லை, விரலை ஓட்டினாலே போதும்.

"உக்காரு தம்பி. டீ வைக்கறேன். சாப்பிட்டியா? பொய் சொல்லாத, முகத்தப் பாத்தாலே தெரியுது."

அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, புது நோட்டை மடியில் வைத்துத் திறந்தாள். வரிக்கடியில் விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள்.

முதல் நாள்: மலை உச்சி வரை இரண்டு மணி பத்து நிமிஷம். லேட் நான்கு இடத்தில் படுத்துவிட்டான். மாலை, கடலில் அவனுக்கு நீச்சல் பழக்கினேன். நிற்காமல் ஆறு கை வீசினான்.

இரண்டாம் நாள்: துடுப்புப் படகு. மேஸ்திரியும் லேட்டும் ஒரு படகில். இருவரும் எதிரெதிர்ப் பக்கமாகத் துடுப்புப் போட்டதால் இருபது நிமிஷம் ஒரே இடத்தில் சுற்றினார்கள். பிறகு கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர். மேஸ்திரி "காப்பாத்துங்கடா" என்று கத்தினார். லேட் எழுந்து நின்று, "அண்ணே, நிக்கலாம்ணே" என்றான். நீச்சல், பத்தொன்பது கை.

அக்கா சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நிக்கலாம்ணேன்னானா. இவன்தான் சின்ன வயசுல வாளித் தண்ணிக்கே பயந்து ஓடுவான்."

மூன்றாம் நாள்: சைக்கிளில் தீவைச் சுற்றினோம். முப்பத்தொரு கிலோமீட்டர். அருவியில் குளியல். நீச்சல், நாற்பத்து நான்கு கை. இதை லேட்டே நோட்டை வாங்கி எழுதினான்.

"அவன் எழுதினதா? இது உன் எழுத்து மாதிரி இருக்கே."

"பழைய நோட்டுல அவன் எழுதினான் அக்கா. இது நான் பாத்து எழுதினது."

"ஓ." அவள் அந்த நாற்பத்து நான்கின்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் இருந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

நான்காம் நாள் பக்கம். தீவிலிருந்து படகில் முக்கால் மணி நேரம் போனால் ஆளில்லாத ஒரு மணல்திட்டு. ஒரு பக்கம் மணல், மறுபக்கம் பாறை. மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மீன் பார்க்கும் இடம். படகில் அவர்களோடு வேறொரு குடும்பத்தார் ஏழு பேர். போகும்போது லேட் படகின் முன்புறத்தில் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு, மிதவைச் சட்டைக் குவியலின்மேல் படுத்துத் தூங்கிவிட்டான். காலையில் ஏறும்போது அளவு இரண்டு முறை எண்ணினான். திட்டில் இறங்கியதும் மூன்றாவது முறை நோட்டை எடுத்தபோது லேட், "மச்சான், உன்ன விட உன் நோட்டுதான்டா எங்கள நம்ப மாட்டேங்குது" என்றான். அந்தக் குடும்பத்தாரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்களில் ஒரு பெண், "விட்டா கடல்ல மீனையும் எண்ணிடுவாரு போல" என்றாள். அளவும் சிரித்துவைத்தான். காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன.

மதியம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே லேட், "இன்னைக்கு அம்பது போடாம நான் படகு ஏற மாட்டேன்" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். இதையெல்லாம் அளவு பிரதியிலும் எழுதியிருந்தான், அந்தச் சிரிப்பு உட்பட.

அக்காவின் விரல் நின்றது. மேலே போனது. மறுபடி கீழே வந்தது. பின்னால் புரட்டி மூன்றாம் நாளைப் பார்த்தாள், இரண்டாம் நாளைப் பார்த்தாள். தொழிற்சாலையில் சட்டையின் தோள்மூட்டைப் புரட்டுவது மாதிரியே புரட்டினாள்.

"எல்லா எடத்துலயும் நாலு டிக் போட்டிருக்கே. படகு ஏறும்போது, எறங்கும்போது. இங்க மட்டும் இல்லையே தம்பி. திட்டுலேர்ந்து திரும்பறப்ப."

மறந்துட்டேன் அக்கா. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எடுக்கலயா அன்னைக்கு?" என்றாள். "நீயா எடுக்காம விட்ட? எங்க வீட்டு சிலிண்டர் மாத்தின தேதியக்கூடச் சுவத்துல எழுதிட்டுப் போன ஆளு நீ."

சமையல் இடத்துச் சுவரில் அந்தத் தேதி இன்னும் இருந்தது, பென்சிலில், அவன் கையெழுத்தில். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பையைத் திறந்து பழைய நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து அவளிடம் நீட்டினான்.

மூன்று வாரமாக அவன் யாருக்கும் காட்டாத பக்கம் அது. தாள் பழுத்து, மை ஊறியிருந்தது. ஆனால் எண்கள் தெளிவாகவே இருந்தன. ஒன்பது, டிக். பன்னிரண்டு, டிக். பதினேழு, டிக். இருபத்தொன்று, டிக். 4.25.

அக்கா பார்த்தாள். அவள் முகத்தில் வந்த மாற்றத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. கோபம் வரும் என்று நினைத்திருந்தான். வந்தது வேறு.

"அப்ப அவன் ஏறினானா?" என்றாள் மெதுவாக. "டிக் இருக்கே. அவன் படகுல ஏறிட்டானா தம்பி? அவங்க சொன்ன மாதிரி அவன விட்டுட்டு வரலயா? ஏறின பொறவு தவறி விழுந்தானா?"

"இல்ல அக்கா."

"பொறவு எப்படி டிக்?"

டீத் தண்ணீர் கொதித்துச் சத்தம் போட்டது. இருவருமே எழுந்திருக்கவில்லை. அவன் சொல்ல ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக, வரிசையாக, எதையும் தாவாமல். வேறு மாதிரி சொல்ல அவனுக்குத் தெரியாது.

நாலு மணிக்குக் காற்று மாறியது. அலை எழும்பத் தொடங்கியதும் படகுக்காரர் எல்லாரையும் அவசரப்படுத்தினார். முன்புறத் தார்ப்பாயை முழுக்க இறக்கிக் கட்டினார். அந்தக் குடும்பத்தார் ஏழு பேரை அவரே தலை தொட்டு எண்ணினார். பிறகு இவர்கள் பக்கம் திரும்பி, "தம்பி, உங்க ஆளுங்க எல்லாம் ஏறியாச்சா?" என்று கேட்டார். அளவு படகின் நடுவில், முன்புறத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நோட்டைத் திறந்து, குனிந்து, எண்களை வாசித்தான். பதினேழு என்றதும் "உள்ளேன் சார்" என்று லேட்டின் குரல் வந்தது. மேஸ்திரி சிரித்தார். டிக் போட்டான். "ஏறியாச்சுண்ணே" என்றான்.

"கிளி சொன்னாளா?" அக்காவுக்கு அந்த விளையாட்டெல்லாம் தெரியும். தம்பி வீட்டில் வந்து சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"ஆமா. அவன் முன்னாடி தார்ப்பாய்க்குக் கீழ தூங்கறான்னு அவ நெனச்சா. போறப்ப அங்கதான் தூங்கினான்."

"அவன் கொரல் மாதிரியே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப நீ என்ன செய்வ. நீ ஏமாந்துட்ட."

இங்கேதான் நிறுத்தியிருக்கலாம். காலையிலிருந்து இரண்டு பேர் அவனுக்கு அந்தக் கதவைத் திறந்துவைத்துவிட்டார்கள். எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும்.

"ஏமாறல அக்கா," என்றான். "அவன் தூங்கற எடம் எனக்கு முன்னாடி. கொரல் வந்தது பின்னாடிலேர்ந்து. இடது காதுப் பக்கம். டிக் போடறதுக்கு முன்னாடியே எனக்கு அது தெரிஞ்சுது. எந்திரிச்சுப் போயி தார்ப்பாயத் தூக்கிப் பாக்கணும்னு தோணுச்சு. ஆறேழு அடிதான். காலைல மூணு தடவ எண்ணினதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடியும் சிரிப்பாங்கன்னு போகல."

அக்கா பழைய நோட்டைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு பத்துக்குக் கரைக்கு வந்ததும் தார்ப்பாயத் தூக்கினோம். படகுக்காரர் ஒரு வார்த்த பேசாம அப்படியே படகத் திருப்பினாரு. எதிர்க்காத்து. போய்ச் சேர ஆறே காலாச்சு. வெளிச்சம் இருந்துச்சு. பாறைமேல செருப்பு இருந்துச்சு, அம்பது போட அந்தப் பக்கம் போயிருக்கான். சட்டைய ஒரு குச்சியில கட்டி நட்டு வெச்சிருந்தான். ஆளு இல்ல."

மறுநாள் மதியம் மீன்பிடிக்கப் போனவர்கள்தான் அவனைக் கண்டார்கள். திட்டுக்கும் தீவுக்கும் நடுவில், படகு வந்த வழியிலேயே கிடந்தான். படகு போவதைப் பார்த்துவிட்டு, அதன் பின்னாலேயே நீந்தியிருக்கிறான். அன்று அவன் எத்தனை கை போட்டான் என்பது எந்த நோட்டிலும் இல்லை. ஐம்பதுக்கு எவ்வளவோ மேல் இருக்கும்.

"குச்சியில சட்டையக் கட்டத் தெரிஞ்சவனுக்கு அங்கேயே உக்காரத் தெரியலயே," என்றாள் அக்கா. குரல் வறண்டிருந்தது. "ஊரையே காக்க வெப்பான். பொறந்ததே பத்து நாள் தள்ளித்தான்னு அம்மா சொல்லும். ஒரே ஒரு தடவ அவசரப்பட்டிருக்கான்."

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தில் தண்ணீர் சுண்டிப்போயிருந்தது. அங்கேயே, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"மொத விசாரணையில, துறைமுகத்துல அந்தப் படகுக்காரரு சொன்னாரே. தம்பியக் கேட்டேன், ஏறியாச்சுன்னு சொன்னாருன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். அதிகாரி உன்னக் கேட்டாரு."

"கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"கேட்ட ஞாபகம் இல்லன்னு சொன்னேன்."

அன்று படகுக்காரர் அவனைப் பார்த்த பார்வை அவனுக்கு நினைவிருக்கிறது. கோபமே இல்லை. தான்தான் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று தன்னையே சந்தேகப்படும் பார்வை. கையிலிருந்த தொப்பியைக் கசக்கிக்கொண்டு, "இல்ல தம்பி, கேட்டனே... நான் கேட்டனா இல்லையா" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டே வெளியே போனார். பூட்டை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற ஒரு மனுஷனுக்கு அந்தப் பார்வை அடையாளம் தெரியாமல் போகுமா. அதை அவர் முகத்தில் தன் கையாலேயே எழுதிவிட்டு வந்தோம் என்று அவனுக்கு அன்றே தெரியும்.

"மூணு வாரமா அந்தாளத் திட்டாத நேரம் இல்ல நான்," என்றாள் அக்கா. "வெளங்காமப் போகணும்னு வாய் ஓயாமச் சொல்லியிருக்கேன். நாளைக்கு அதிகாரி முன்னாடி என்ன சொல்லணும்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். படக இனிமே அவன் தொடவே கூடாதுன்னு." அவள் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "அந்தாளு இவனத் தேடி அந்தக் காத்துல திரும்பிப் போனாருன்னு நீங்க யாருமே எங்கிட்டச் சொல்லல."

"சொல்லல."

"ஏன்?"

அவனிடம் இருந்த பதில் சின்னது, கேவலமானது. அவரை நல்லவர் என்று சொல்லிவிட்டால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும்.

அக்கா பழைய நோட்டைக் கையில் எடுத்தாள். முன்பக்கமாகப் புரட்டி, மூன்றாம் நாளைக் கண்டுபிடித்தாள். அங்கே, அளவின் சின்ன, நேரான எழுத்துகளுக்கு நடுவே, பென்சிலை அழுத்திப் பிடித்துக் கோணலாக எழுதியிருந்தது: 44. கீழே இரண்டு கோடு வேறு. அவள் விரல் அந்த எண்ணை ஒரு முறை தடவியது. தாளில் பென்சில் பதிந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கும்.

"இந்த ஒரு பக்கத்தக் கிழிச்சுக்கவா?"

"நாளைக்கு வரைக்கும் வேணாம் அக்கா. நோட்டு முழுசா இருக்கணும். கிழிச்சிருந்தா வேற பக்கத்தையும் கிழிச்சிருப்பாங்கன்னு நெனப்பாங்க. நாளைக்குக் காட்டினதும் உங்ககிட்டயே குடுத்துடறேன்."

சொன்ன பிறகுதான், நாளைக்குக் காட்டப் போகிறேன் என்று தான் சொல்லிவிட்டதே அவனுக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. நோட்டை மூடி அவனிடம் கொடுத்தாள். அது மூடிக்கொள்ளவில்லை. வழக்கம்போல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"புதுசு?" என்றான்.

"அத வெச்சிட்டுப் போ. மேஸ்திரி தண்ணியில கத்தினது அதுல இருக்கு." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "இப்பப் போ தம்பி. உன்னத் திட்டணும்னு தோணுது, திட்ட வாய் வரல. வர்றதுக்குள்ள போயிடு."

"அக்கா..."

"போ. நாளைக்கு அங்க நான் இருப்பேன்."

படி இறங்கும்போது மூன்றாவது தளத்தில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ் போடும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. போகவில்லை.

திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தில் இறங்கினான். கிளியின் சன்னல் முன் மூன்று பேர் நின்றார்கள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "அந்தக் கொரல் நீதான்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் டிக் போட்டேன். நாளைக்கு நான் மொதல்ல சொல்றேன், அப்புறம் நீ சொல்லு" என்றான்.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் நின்றவர், "ஏம்மா, பஸ் எத்தன மணிக்கு?" என்று இரண்டு முறை கேட்டார்.

"தெரிஞ்சா?" என்றாள்.

"தெரிஞ்சுதான்."

"மூணு வாரமா நான்..." அவள் முடிக்கவில்லை. உதடு கோணியது. சன்னலின் மரப்பலகையை இறக்கி மூடிவிட்டாள். உள்ளே அவள் அழுவது வெளியே கேட்டது. வேறு யாருடைய குரலும் இல்லாத, அவளுடைய சொந்தக் குரலில் அழுதாள். பின்னால் நின்றவர் அளவைப் பார்த்து, "என்னப்பா சொன்ன அந்தப் புள்ளைய?" என்று அதட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நின்றான். பலகை மறுபடி திறக்கிற வரை, ஒரு கால் மணி நேரம், அங்கேயே நின்றான். திறந்ததும் அவள் அவனைப் பார்க்காமல் அடுத்த ஆளிடம், "எங்க போகணும்?" என்றாள். அவன் வீட்டுக்கு நடந்தான்.

அறைக்கு வந்ததும் மேஸ்திரி போனில் கூப்பிட்டார். அக்காவிடம் பேசியிருப்பார் போலிருக்கிறது. "என்னடா செஞ்சு வெச்ச. நான் எல்லாரையும் கரை சேக்கப் பாக்கறேன், நீ..." என்று ஆரம்பித்தவர், கரை சேர்ப்பது என்ற வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். "எத்தன மணி பஸ்ஸுக்குப் போற?" என்றார் கடைசியில்.

"ஏழு பத்து."

"எனக்கும் ஒரு சீட்டு போட்டு வை."

அவன் மேசைக்கு முன் உட்கார்ந்து நாட்குறிப்பைத் திறந்தான். சார் சொல்லிக்கொடுத்தபடி, அளவுகோலை வைத்து, காலையில் எழுதிய கடைசி வரியின்மேல் ஒரே ஒரு கோடு போட்டான். அடியில் என்ன இருந்தது என்று யாரும் படிக்கும்படி மெல்லிய கோடு. பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தான். கீழே எழுதினான்.

மார்ச் 16, மாலை.
மேலே அடித்த வரி பிழை. நான்காம் நாள், 4.25. பதினேழாம் எண்ணுக்கு நேரே டிக் போட்டேன். அவன் படகில் இல்லை என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. எழுந்து பார்க்கவில்லை. படகுக்காரர் என்னைக் கேட்டார். ஏறியாச்சு என்று சொன்னேன்.

நாளை: காலை 7.10 பேருந்து, மூன்று பேர். பழைய நோட்டு. பத்து மணிக்குத் துறைமுக அலுவலகம். அதிகாரியிடம் மேலே உள்ளதை முதலில் நான் சொல்ல வேண்டும். படகுக்காரர் உள்ளே இருக்கும்போது, அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். பிறகு நோட்டை அக்காவிடம் கொடுக்க வேண்டும்.